எல்லா உரமும் போட்டாச்சு, செடி ஏன் இன்னும் மஞ்சளாக நிற்கிறது?

பிப்ரவரி 3

வந்த கேள்வி இது: "மாட்டெரு, மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, எலும்புத்தூள், விறகுச் சாம்பல், முட்டை ஓடு, காபிச் சக்கை, மரத்தூள் என்று பாத்தியில் எல்லாமே போட்டுவிட்டேன். ரசாயனம் ஒரு சிட்டிகைகூட இல்லை. தக்காளியும் கத்தரியும் அடியிலை மஞ்சளாகி வளராமல் அப்படியே நிற்கின்றன. பீன்ஸ் மட்டும் நன்றாக இருக்கிறது. இன்னும் என்ன போடலாம்?"

எதுவும் போட வேண்டாம். எட்டுப் பொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஒன்பதாவதைப் போட்டு அது வேலை செய்தால்கூட எதனால் சரியானது என்று உங்களுக்கும் தெரியப்போவதில்லை, எனக்கும் தெரியப்போவதில்லை.

கேள்விக்குள்ளேயே இரண்டு துப்பு இருக்கிறது. ஒன்று, மஞ்சளாவது அடியிலை. தழைச்சத்து (நைட்ரஜன்) போதாதபோது செடி பழைய இலையிலிருந்து அதை உருவி மேலே குருத்துக்கு அனுப்பும், அதனால் வெளுப்பு கீழிருந்து தொடங்கும். இரண்டு, பீன்ஸ் பிழைத்துக்கொண்டது. அதன் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கிறது. மண்ணில் பஞ்சம் வந்தாலும் பீன்ஸுக்குத் தனிச் சமையல். ஆக, எட்டு உரம் போட்ட பாத்தியில் தழைச்சத்துப் பஞ்சம்.

ஒரே ஒரு கேள்வி. மரத்தூளை மேலே பரப்பினீர்களா, மண்ணோடு கொத்திக் கலந்தீர்களா?

பிப்ரவரி 3, இரவு

கலந்துவிட்டாராம். "மண் பொலபொலவென்று ஆகும் என்று சொன்னார்கள்." ஆகும்தான், ஆனால் இந்தப் பருவத்தில் இல்லை.

மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் வேண்டும், நைட்ரஜனும் வேண்டும். சுமார் 24 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் என்பது அவற்றுக்கு ஒத்துவரும் கலவை. கோழி எருவில் இந்த விகிதம் 10-ஐ ஒட்டி இருக்கும், மாட்டெருவில் 20, காய்ந்த இலையில் 50, 60, வைக்கோலில் 80. மரத்தூளில் 400, சில மரத்தில் அதற்கும் மேல். 20-க்குக் கீழே இருப்பதைப் போட்டால் மிச்ச நைட்ரஜன் செடிக்கு வரும். 30-க்கு மேலே போனால் நுண்ணுயிர்கள் மண்ணில் ஏற்கெனவே இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். செடிக்கும் நுண்ணுயிருக்கும் போட்டி வந்தால் ஜெயிப்பது நுண்ணுயிர்தான், எண்ணிக்கையில் நாம் நினைத்துப் பார்க்க முடியாத கூட்டம் அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ மரத்தூளில் ஏறக்குறைய அரைக்கிலோ கார்பன், நைட்ரஜன் ஒன்றேகால் கிராம். இதை ஏறக்குறைய 25-க்கு 1 என்று கொண்டுவர 20 கிராம் நைட்ரஜன் வேண்டும், ஏற்கெனவே இருப்பது போக 18.75 கிராம். வேப்பம் பிண்ணாக்கில் 5 சதவீதம் என்று வைத்தால் ஒரு கிலோ மரத்தூளுக்கு 375 கிராம் பிண்ணாக்கு. நீங்கள் போட்டது பாத்திக்கு இரண்டு கைப்பிடி.

பிப்ரவரி 4

மரத்தூளைச் சலித்து எடுத்துவிடலாமா என்று கேட்கிறார். சல்லடையோடு உட்காரப் பொறுமை இருந்தால் செய்யலாம், ஓய்வு பெற்ற பிறகு நல்ல பொழுதுபோக்கு. இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உள்ளே போன நைட்ரஜன் தொலைந்துபோகவில்லை, நுண்ணுயிர்களின் உடலில் இருக்கிறது. அவை செத்து மக்கும்போது திரும்பி வரும், ஆனால் உங்கள் தக்காளியின் வயதுக்குள் வருமா என்பதுதான் சந்தேகம்.

இப்போதைக்குச் செடியைக் காப்பாற்றக் கடலைப் பிண்ணாக்கு. தழைச்சத்து 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும், வேப்பம் பிண்ணாக்கைவிட வேகமாக உடையும். வேம்பில் இருக்கும் பொருள்கள் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதையே தாமதப்படுத்தும். சாதாரணமாக அது நல்ல குணம், அவசரத்துக்குத்தான் உதவாது. கடலைப் பிண்ணாக்கைப் பொடித்து, தண்டை விட்டு ஒரு சாண் தள்ளி, மண்ணுக்குள் புதைத்து மூடுங்கள். மேலே தூவினால் எலி வரும். என் பாத்தியில் எலி பிண்ணாக்கை மட்டும் தின்னவில்லை, தேடுகிற சாக்கில் நாற்றையும் பறித்துப் போட்டுவிட்டுப் போனது. எலும்புத்தூளுக்கு நாய் வரும், அது வேறு கதை.

பிப்ரவரி 4, கொஞ்ச நேரம் கழித்து

சிறுநீர் பற்றி யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன், சொல்லிவிட்டார்கள். சிரிக்க வேண்டாம், அது நிஜமாகவே வேகமான தழைச்சத்து. பெரும்பகுதி யூரியாதான், சாக்கில் வருவதும் அதே மூலக்கூறுதான். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், இலையில் படாமல் மண்ணில், அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். உப்பும் சேர்ந்து வரும், ஆகவே தொட்டியில் வளர்ப்பவர்கள் ஜாக்கிரதை. வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்பது உங்கள் குடும்ப விவகாரம்.

பிப்ரவரி 6

மரத்தூள் கணக்கைத் திரும்பப் படித்தேன். அதில் ஒன்று சேர்க்க வேண்டும். மரத்தூளில் இருக்கும் கார்பன் எல்லாம் ஒரே நேரத்தில் நுண்ணுயிருக்குக் கிடைக்காது. லிக்னின் என்ற கெட்டியான பகுதி உடைய வருஷக்கணக்காகும். அதனால் 375 கிராமையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம், நைட்ரஜன் இழுவை அந்தக் கணக்கு காட்டுவதைவிடக் குறைவாகவும் நீண்ட நாளுக்கும் இருக்கும். கொஞ்சம் போட்டு, இலையைப் பார்த்து, மறுபடி கொஞ்சம்.

மேலே மூடாக்காகப் போடப்படும் மரத்தூள், மரச்சில்லு இவற்றின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டும்தான் அங்கே இழுபறி நடக்கும், வேர் அதற்குக் கீழே இருக்கிறது. அதே பொருள், மேலே இருந்தால் காவல், உள்ளே போனால் கடன்காரன். மரத்தூளை மட்டும் கனமாகப் பரப்பாதீர்கள், காய்ந்தால் தகடுபோல் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது.

பிப்ரவரி 9

புதுத் தகவல் வந்திருக்கிறது, கதை மாறுகிறது. இப்போது தக்காளியின் குருத்திலையும் வெளுக்கிறதாம், ஆனால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. அடியிலை வெளுப்பும் குருத்திலை வெளுப்பும் ஒரே நோய் இல்லை. தழைச்சத்து செடிக்குள் இடம் மாறும், இரும்பு மாறாது. பழைய இலையில் இருக்கும் இரும்பு அங்கேயே கிடக்கும், புது இலை பட்டினி. நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்றால் முதலில் இரும்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரும்பு இல்லாத மண் அபூர்வம், இருந்தும் கரையாமல் போவதுதான் வழக்கம்.

இங்கே என் கண் சாம்பல் மேல் போகிறது. எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டதற்கு "வாரம் ஒரு சட்டி, தக்காளிக்கும் கத்தரிக்கும் மட்டும், காய் பிடிக்கப் பொட்டாஷ் வேண்டுமே" என்கிறார். பீன்ஸ் பக்கம் போடவில்லை. பீன்ஸ் பிழைத்ததற்கு இது இரண்டாவது காரணமாக இருக்கலாம். முதலில் நான் சொன்ன வேர் முடிச்சுக் காரணம் அப்படியே நிற்கிறது, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பலைப் பலரும் பொட்டாஷ் உரமாக மட்டும் பார்க்கிறார்கள். பொட்டாசியம் இருக்கிறது, சில சதவீதம். ஆனால் சாம்பலின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டும் அதன் சொந்தக்காரர்களும்தான். சுண்ணாம்பு போட்டால் மண்ணுக்கு என்ன நடக்குமோ அதில் ஏறக்குறைய பாதி சாம்பலிலும் நடக்கும், அதுவும் சுண்ணாம்புக்கல் பொடியைவிட வேகமாக. அமில மண்ணுக்கு நல்ல மருந்து, மற்ற மண்ணுக்கு வேண்டாத வேலை. பெரும்பாலான காய்கறிக்கு மண்ணின் பிஎச் (அமில, கார அளவு: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 6-லிருந்து 7 வரை இருந்தால் போதும். 7.5 தாண்டினால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்கிறார், சாம்பலையும் ஈர மாட்டெருவையும் ஒன்றாகக் குவித்து வைத்துத்தான் போட்டாராம், "கண் எரிகிற மாதிரி வாடை வந்தது". அந்த வாடைதான் உங்கள் தழைச்சத்து. சாம்பலின் காரம் பட்டதும் எருவில் இருக்கும் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மரத்தூள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் காற்றில்.

எலும்புத்தூளும் இந்த மண்ணில் வீண். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதில் கால்சியம் பாஸ்பேட்டாக இருக்கிறது, கரைய அமிலம் வேண்டும். பிஎச் 7-க்கு மேல் போன மண்ணில் அது பொடியாகவே கிடக்கும்.

மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள். தக்காளிப் பக்கம் ஒன்று, பீன்ஸ் பக்கம் ஒன்று, தனித்தனிப் பையில். ஒவ்வொரு பக்கத்திலும் நாலைந்து இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக் கலந்து, அதிலிருந்து ஒரு கை.

பிப்ரவரி 10

முட்டை ஓட்டைத் திட்டாமல் விட்டுவிட்டேனே என்று ஒருவர் நினைவூட்டினார். நசுக்கிப் போட்ட ஓடு மண்ணில் பல வருஷம் ஓடாகவே இருக்கும். மாவாக அரைத்தால் ஓரளவு கரையும், அதுவும் அமில மண்ணில். கெடுதல் பெரிதாக இல்லை, பலனும் இல்லை. தோட்டத்துக்கு அலங்காரம்.

காபிச் சக்கை: அமிலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் வடிகட்டிய பிறகு பெரும்பாலும் நடுநிலையை ஒட்டித்தான் இருக்கும், அமிலம் காபியோடு போய்விடுகிறது. தழைச்சத்து 2 சதவீதத்தை ஒட்டி உண்டு. கனமாகப் பரப்பினால் ஏடு கட்டித் தண்ணீரைத் தள்ளிவிடும், விதை முளைப்பையும் தடுக்கும். குப்பைக்குழியில் போடுங்கள், அங்கே அது நல்ல பிள்ளை.

பிப்ரவரி 17

சோதனை முடிவு வந்துவிட்டது. தக்காளிப் பக்கம் பிஎச் 8.2, பீன்ஸ் பக்கம் 7.1. இரண்டு பக்கமும் மணிச்சத்து "மிக அதிகம்". கரிமப் பொருள் தாராளம்.

சாம்பல் மேல் இருந்த சந்தேகம் நிரூபணம். மணிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பல வருஷம் எரு போட்ட பாத்திகளில் இது அடிக்கடி வரும். செடி எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து மணிச்சத்தைப் போலப் பல மடங்கு. எருவிலோ தழைச்சத்தில் ஒரு பங்கு வாயுவாகப் போகும், ஒரு பங்கு தண்ணீரோடு இறங்கும், மக்கிய எருவில் மிச்சமிருப்பதிலும் முதல் பருவத்தில் வெளிவருவது சிறு பகுதி. மணிச்சத்து எங்கேயும் போகாது, மண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். தழைச்சத்துத் தேவைக்கு ஏற்ப எருவைக் கூட்டிக்கொண்டே போனால் மணிச்சத்து வருஷாவருஷம் ஏறும். அதன் மேல் எலும்புத்தூள் வேறு.

ஏறினால் என்ன என்று கேட்காதீர்கள். இரும்பு, துத்தநாகம் கிடைப்பதை அதுவும் கெடுக்கும். வேரோடு கூட்டு வைத்து மணிச்சத்து கொண்டுவரும் பூஞ்சைகள், வேலை இல்லை என்று விலகிக்கொள்ளும். மழையில் அடித்துப்போன மண் குளத்தில் சேர்ந்தால் பாசி மண்டும்.

ஆகவே: சாம்பல் நிறுத்தம், எலும்புத்தூள் நிறுத்தம், மாட்டெருவுக்கும் மண்புழு உரத்துக்கும் ஒரு வருஷம் விடுப்பு. தழைச்சத்து மட்டும் கடலைப் பிண்ணாக்கிலிருந்து. குருத்துக்கு இரும்பை இலை வழியாகத் தெளிக்கலாம், அது முதலுதவி மட்டுமே. பிஎச் இறங்கத் தனிமக் கந்தகம் போடலாம், மண்ணில் இருக்கும் பாக்டீரியா அதை அமிலமாக மாற்றும், மாதக்கணக்கில் ஆகும். அதற்கு முன் காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு தனியாகக் கிடக்கிறது என்று அர்த்தம், அந்த மண்ணில் கந்தகம் கரைந்துகொண்டே போகும், பிஎச் அசையாது.

பிப்ரவரி 18

"இயற்கை உரம் எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை, நீங்கள் மக்களைப் பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். மேலே இருக்கும் சோதனை முடிவைக் காட்டுவதைத் தவிர நான் என்ன செய்ய?

நான் எருவுக்கு எதிரி இல்லை. இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843-லிருந்து ஒரே வயலில் கோதுமை விதைத்துவருகிறார்கள். அதில் ஒரு பகுதிக்கு ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் வருஷாவருஷம் போகிறது, உரமே போடாத பகுதியைவிட அங்கே கரிமச்சத்து இரண்டு மடங்குக்கு மேல். அதைவிட எனக்குப் பிடித்தது பக்கத்திலேயே நடக்கும் பார்லி சோதனை. அதில் ஒரு துண்டுக்கு 1852 முதல் 1871 வரை எரு போட்டார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்தும் எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அந்த மண்ணில் கரிமம் கூடுதலாகத்தான் இருந்தது.

இதை எரு ஆதரவாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள், சரிதான். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. போட்டது அவ்வளவு நாள் தங்குமென்றால் அளவு தவறிப் போட்டதும் தங்கும்.

மார்ச் 2

பச்சை எரு, அதாவது மக்காத எரு, நேராகப் போடலாமா என்று கேட்டவருக்கு: போடலாம், காலம் விட்டு. காய் மண்ணைத் தொடும் பயிருக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பு, தொடாததற்கு 90 நாள் முன்பு என்று அமெரிக்க இயற்கை வேளாண் விதி சொல்கிறது. காரணம் செடி இல்லை, நம் வயிறு. குவித்து மக்க வைப்பதானால் குவியலின் உள்சூடு 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும், அப்போதுதான் ஓரத்தில் இருப்பதும் உள்ளே வந்து வேகும். கேரட்டுக்குப் பச்சை எரு வேண்டவே வேண்டாம், கிழங்கு இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து கால் முளைத்த மாதிரி வரும்.

மார்ச் 2, தொடர்ச்சி

எருவைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத ஒன்று களைக்கொல்லி. அமினோபைரலிட், க்ளோபைரலிட் என்று புல்வெளியில் அடிக்கும் மருந்துகள் உண்டு. அகன்ற இலைக் களையைக் கொல்லும், புல்லை ஒன்றும் செய்யாது. அந்தப் புல்லை மாடு தின்றால் மருந்து சாணம் வழியாக அப்படியே வெளியே வரும், குவித்து மக்கினாலும் லேசில் சிதையாது. தக்காளி, பீன்ஸ், பட்டாணி மூன்றுக்கும் அது எமன், மிகச் சிறிய அளவே போதும்.

ஒரு பருவம் வெளியிலிருந்து வாங்கிய எருவில் எனக்கு இது நடந்தது. தக்காளிக் குருத்து பெரணி இலைபோல் சுருண்டது. வைரஸ் என்றார்கள், வெள்ளை ஈ என்றார்கள். எரு விழாத தொட்டியில் அதே நாற்று செழிப்பாக நின்றது. இப்போது புது எரு வந்தால் பாதி எருவும் பாதி மண்ணுமாகச் சில தொட்டி, வெறும் மண்ணில் சில தொட்டி, இரண்டிலும் பீன்ஸ் விதை. மூன்று இலை வரும்வரை பார்ப்பேன். எருத் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம்போல் குவிந்தால் அந்த எரு புல் தரைக்குப் போகும்.

நம் கேள்விக்காரரின் பாத்தியில் பீன்ஸ் நன்றாக இருந்ததால்தான் இந்தச் சந்தேகத்தை நான் முதல் நாளே விட்டுவிட்டேன். அதை அப்போதே எழுதியிருக்கலாம்.

மார்ச் 21

கத்தரி தேறிவிட்டது, புது இலை கரும்பச்சை. தக்காளி அரைமனதாக வருகிறது. "கோகோபீட் சேர்த்தால் வேகம் கூடுமா?" விடமாட்டேன் என்கிறார் மனிதர். அது தென்னை நார்த்தூள். அதில் உரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, தண்ணீர் பிடித்து வைக்கும், மண்ணை இளக்கும். சரியாகக் கழுவாத கட்டியில் உப்பு இருக்கும். தொட்டிக்கு நல்லது, உங்கள் பாத்திக்குத் தேவையில்லை.

உயிர்க்கரி (பயோசார், காற்றுப் படாமல் சுட்ட கரி) கேட்டவருக்கும் சேர்த்து: அதுவும் பெரும்பாலும் காரம். 8.2-ல் இருக்கும் மண்ணுக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். அமில மண்காரர்கள் கம்போஸ்ட் குவியலில் ஊறவைத்துப் போடுங்கள், வெறும் கரியாகப் போட்டால் முதல் பருவத்தில் தழைச்சத்தை அதுவும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மே 8

தக்காளி காய்த்தது, அடியில் கறுப்பு விழுந்தது, "பார்த்தீர்களா, முட்டை ஓடு போதவில்லை" என்று மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள். அந்தக் கறுப்பு காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது, முட்டை ஓடும் கால்சியம்தான், ஆனால் 8.2 பிஎச் மண்ணில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது. கால்சியம் தண்ணீரோடுதான் ஏறும், இலை நிறைய நீரை ஆவியாக்குகிறது, காய் அவ்வளவாக ஆக்குவதில்லை, அதனால் தண்ணீர் ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் வெள்ளமாக வந்தால் முதலில் அடிபடுவது காயின் அடிநுனி. மூடாக்கைக் கனப்படுத்தி, தண்ணீரைச் சீராக விடுங்கள். தழைச்சத்தையும் இத்தோடு குறையுங்கள், இலை ஆர்ப்பாட்டமாக வளர்ந்தால் கால்சியத்தை அதுவே வாங்கிக்கொள்ளும்.

மே 9

நான் என்னதான் போடுகிறேன் என்று கேட்டீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. பருவத்துக்கு முன் மக்கிய கம்போஸ்ட் விரல் கனத்துக்கு மேலே பரப்புவேன், கொத்த மாட்டேன். ஒரு சதுர மீட்டரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 200 கிலோ, அதில் 1 சதவீதம் கரிமப் பொருள் கூட வேண்டுமென்றால் 2 கிலோ கரிமப் பொருள் தங்க வேண்டும். ஈரமும் மண்ணும் போகக் கம்போஸ்டில் கரிமப் பொருள் எடையில் கால்வாசிதான், அதிலும் பெரும்பகுதி எரிந்துபோகும். ஒரே பருவத்தில் மண்ணை மாற்றிவிடலாம் என்ற ஆசை இந்தக் கணக்கைப் போட்டதும் எனக்கு விட்டுப்போனது. கீரைக்கும் கத்தரிக்கும் பருவத்தின் நடுவில் ஒரு முறை பிண்ணாக்கு. பீன்ஸுக்கு எதுவும் இல்லை. சாம்பல் வருஷத்துக்கு ஒரு தூவல், என் மண் கொஞ்சம் அமிலம் என்பதால்.

அடுத்த பருவத்துக்குத் தக்காளிப் பக்கம் சணப்பு விதைத்து, பூக்கத் தொடங்கும்போது மடக்கி மண்ணில் விடுங்கள். மணிச்சத்தைக் கூட்டாமல் தழைச்சத்து சேரும். முற்ற விட்டால் தண்டு நாராகி மறுபடியும் மரத்தூள் கதைதான்.

அதன் பிறகு மண்ணை மறுபடி சோதனைக்குக் கொடுங்கள். அதே இடம், அதே ஆழம், முடிந்தால் அதே ஆய்வுக்கூடம், ஏனென்றால் மணிச்சத்தை அளக்கும் முறை ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் மாறும், முறை மாறினால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.